கறுப்பு உதட்டில் ஒரு வெள்ளைக் கோடு

இந்தப் பூவைப் பார்க்க மண்டியிட்டால் போதாது, குப்புறப் படுக்க வேண்டும்.

சைப்ரஸ் தீவு, பிப்ரவரி கடைசி. குளிர்கால மழை ஓய்கிற நேரம். சுண்ணாம்புக்கல் சரிவுகளில் முள்புதர்களுக்கு நடுவே புல் பச்சை பிடித்துக் கிடக்கும். மே மாதம் வந்து பார்த்தால் இதே இடம் காய்ந்து வைக்கோல் நிறமாகியிருக்கும். அதற்குள் பூத்து, விதை தெறித்து, மறுபடி மண்ணுக்குள் போய்விட வேண்டும் என்று அவசரப்படுகிற செடிகளில் ஒன்று இது. உயரம் ஒரு சாண், மிஞ்சினால் ஒன்றரைச் சாண். தண்டில் நாலைந்து பூ, நெருக்கியடிக்காமல் ஒன்றுக்கொன்று இடம் விட்டு. ஒவ்வொரு பூவின் நடுவிலும் கட்டைவிரல் நகத்தளவு ஒரு கறுப்பு.

நடந்து போகிறவர் கண்ணில் அது பூவாகவே படாது. ஏதோ வண்டு உட்கார்ந்திருக்கிறது என்று கடந்துவிடுவார். வண்டு ஏன் இவ்வளவு நேரம் அசையாமல் இருக்கிறது என்று ஒருவருக்குச் சந்தேகம் வந்தால்தான் அவர் குனிவார்.

தாவரவியலில் இதன் பெயர் ஓஃப்ரிஸ் கோட்ஷியி. சைப்ரஸைத் தவிர உலகில் வேறெங்கும் இயற்கையாக வளர்வதில்லை. ‘ஓஃப்ரிஸ்’ என்றால் கிரேக்க மொழியில் புருவம். ‘கோட்ஷியி’ ஒரு மனிதரின் நினைவு. தியோடோர் கோட்ஷி என்ற ஆஸ்திரியத் தாவரவியலாளர் 1862இல் ஃபிரான்ஸ் உங்கரோடு சேர்ந்து இந்தத் தீவைச் சுற்றினார். 1865இல் இருவருமாகச் சைப்ரஸைப் பற்றி ஒரு பெரிய நூல் வெளியிட்டார்கள். மறு ஆண்டே கோட்ஷி இறந்துபோனார். பூவுக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது 1926இல். அறுபது ஆண்டு கழித்து வந்த மரியாதை. இன்று ஐரோப்பிய ஒன்றியத்தின் வாழிடப் பாதுகாப்பு ஆணையில், தனி இடம் ஒதுக்கிக் காக்க வேண்டிய இனங்களின் பட்டியலில் இது இருக்கிறது.

பெயர்க் கதை போதும். பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் மடக்கு லென்ஸ் ஒன்றை எடுத்துக்கொண்டு கிட்டே போவோம்.

ஆர்க்கிட் பூவின் இலக்கணம் எளிமையானது. வெளிவட்டத்தில் மூன்று புல்லிதழ். உள்வட்டத்தில் மூன்று அல்லியிதழ். உள்ளே உள்ள மூன்றில் ஒன்று மட்டும் கூடப்பிறந்த இரண்டையும் போல இல்லாமல் தன்போக்கில் பெருத்து, நிறம் மாறி, கீழே தொங்கும். அதற்கு உதடு என்று பெயர். பூவின் நடுவில் ஆணுறுப்பும் பெண்ணுறுப்பும் ஒன்றாக ஒட்டிப்போய் ஒரு குட்டித் தூணாக நிற்கும். பல ஆர்க்கிட்களில் உதட்டின் பின்னால் தேன் தேங்குகிற ஒரு வால் இருக்கும். ஓஃப்ரிஸில் அது கிடையாது. தேனே கிடையாது. வருகிறவருக்குக் கொடுக்க இந்தப் பூவிடம் ஒன்றும் இல்லை. அத்தனை செலவையும் அது உதட்டின் மேலேயே செய்திருக்கிறது.

உதட்டின் நிறத்தைக் கறுப்பு என்று சொல்லி முடித்துக்கொள்வது சோம்பேறித்தனம். நாவல்பழத்தின் மேல் படிந்திருக்கும் சாம்பலை விரலால் துடைத்தால் கீழே ஒரு நிறம் தெரியுமே, அது. வெயில் பக்கவாட்டில் விழுந்தால் ஊதாவும் பழுப்பும் கசியும். முகில் மறைத்தால் கறுப்புக்குத் திரும்பிவிடும். உதட்டின் மேல் நுண்மயிர் படர்ந்திருப்பதால் வெளிச்சம் அதில் விழுந்து அங்கேயே தங்கிவிடுகிறது. வெல்வெட் துணிக்கு ஆழம் வருவதும் இப்படித்தான்.

உதடு மூன்று மடலாகப் பிரிந்திருக்கிறது. பக்கத்து மடல்கள் இரண்டும் தோள்போலக் கீழ்நோக்கிச் சரிந்தவை. அங்கே மயிர் அடர்த்தி. லென்ஸில் பார்த்தால் கம்பளிப்பூச்சியின் முதுகு. நடுமடல் உருண்டு புடைத்து, ஓரங்களைப் பின்னால் மடித்துக்கொண்டு, அடியில் ஒரு சின்னக் கூர்முனையோடு முடிகிறது. தோள், வயிறு, வால்நுனி. ஒரு பூச்சியின் உடலைக் களிமண்ணில் பிடிக்கச் சொன்னால் தேர்ந்த கை இந்த மூன்றைத்தான் முதலில் பிடிக்கும்.

நடுமடலின் மேல் மயிரே இல்லாமல் வழுவழுப்பாக ஒரு பரப்பு இருக்கிறது. தாவரவியலாளர்கள் அதைக் கண்ணாடி என்கிறார்கள். மங்கிய ஈய நிறத்திலிருந்து ஊதா கலந்த நீலம் வரை அது மாறும். சுற்றிலும் மயிரடர்ந்த கறுப்பு ஒளியைக் குடித்துக்கொண்டிருக்க, இந்த ஒரு பரப்பு மட்டும் ஒளியைத் திருப்பித் தருகிறது. அந்தப் பரப்பின் ஓரம் நெடுக ஒரு வெள்ளைக் கோடு.

அந்தக் கோட்டில்தான் எனக்கு மனம் போய்ச் சிக்கிக்கொள்கிறது. கறுப்புப் பட்டுக்கு வெள்ளைக் கரை போட்டது போல என்று எழுதத் தோன்றும். ஆனால் புடவைக் கரை நேராக ஓடும். இது வளைந்து, கிளை பிரிந்து, மறுபடி கூடி, சில பூக்களில் கேடயம் போலவும் சில பூக்களில் இரண்டு தூணும் ஒரு குறுக்கு விட்டமும் போலவும் நிற்கிறது. மார்கழி விடியலில், பழகிய கை ஈர மண்ணில் அரிசிமாவை நிறுத்தாமல் இழுத்துக்கொண்டு போகும்போது கோட்டின் தடிமன் ஒரே சீராக இருக்கும் பாருங்கள், அந்தச் சீர் இதில் இருக்கிறது. கோலத்துக்கு மேலே, பூவின் நடுத்தூணின் அடியில் இரண்டு பக்கமும் இரண்டு மினுங்கும் கறும்புள்ளிகள். போலிக் கண்கள். பார்வை ஒன்றும் கிடையாது. ஆனால் அவை நம்மைப் பார்ப்பது போல ஒரு கூச்சம் வந்துவிடுகிறது.

இதற்கெல்லாம் பின்னணியாகப் புல்லிதழ்கள் விரிந்து நிற்கின்றன. பச்சை, சில செடிகளில் அந்தப் பச்சையில் செம்மை ஓடியிருக்கும். மிச்சமுள்ள இரண்டு அல்லியிதழ்களும் குட்டையானவை, மயிருள்ளவை, பச்சையிலும் பழுப்பிலும் தயங்குகிறவை. பூச்சியின் உணர்கொம்புகள் என்று கற்பனை செய்துகொள்ளலாம். பல ஓஃப்ரிஸ்களில் அந்தக் கற்பனை நன்றாகவே பொருந்துகிறது. இதில் கொஞ்சம் இழுத்துத்தான் பொருத்த வேண்டியிருக்கிறது.

இனி அடையாளச் சிக்கல். சைப்ரஸில் ஓஃப்ரிஸ் ஒன்றிரண்டு வகையல்ல. ஒரே சரிவில் நாலைந்து வகை கலந்து பூத்திருக்கும். கறுத்த உதடும் வெளிறிய கோலமும் உள்ளதெல்லாம் கோட்ஷியி என்று எழுதிவிட்டால் பத்தில் எட்டு தப்பாகிவிடும்.

முதலில் ஏமாற்றுவது மம்மோசா. அதுவும் கறுத்த உதடு. அதன் மேலும் இரண்டு தூணும் குறுக்கு விட்டமுமாக ஒரு கண்ணாடி. தூரத்திலிருந்து பார்த்தால் இரட்டைப் பிள்ளைகள். ஆனால் மம்மோசாவின் உதடு பெரும்பாலும் பிளவில்லாமல் முழுசாக இருக்கும். பக்க மடல் என்று தனியாகக் கீழே சரிகிற தோள் இருக்காது. மேற்பகுதியில் இரண்டு முலைகள் போலப் புடைப்பு; பெயரே அதிலிருந்து வந்ததுதான். பக்கவாட்டுப் புல்லிதழ்களைப் பாருங்கள்: மேல்பாதி பச்சை, கீழ்பாதி ஊதா கலந்த செம்மை. ஒரே இதழை இரண்டு சாயத்தொட்டியில் பாதி பாதி தோய்த்தது போல. இவ்வளவும் கண்ணில் பட்ட பிறகு, முதலில் எப்படித்தான் குழம்பினோம் என்று நமக்கே வெட்கமாக இருக்கும். நல்ல அடையாளக் குறிப்புகள் எல்லாவற்றுக்கும் இந்தக் குணம் உண்டு. தெரிவதற்கு முன் இல்லாதது. தெரிந்த பிறகு மறைக்க முடியாதது.

உம்பிலிகாட்டாவைப் பிரிக்க உதட்டுக்கே போக வேண்டாம். அதன் மேல் புல்லிதழ் முன்னால் வளைந்து தூணின் தலைமேல் முக்காடு போடும். பக்கவாட்டிலிருந்து பார்த்தால் உடனே தெரியும். நேரே பார்த்தால் தெரியாது. ஆர்க்கிட் தேடுகிறவர்கள் ஒரு பூவைப் பல பக்கமிருந்து படமெடுப்பதன் காரணம் இதுதான். நேர்முகப் படம் அழகாக இருக்கும். அடையாளத்துக்குப் பாதிதான் பயன்படும்.

இரிகலருக்கு வேறு வழி. பெரிய உதடு, அதில் வண்ணத்துப்பூச்சிச் சிறகின் நீலம். அதுதானா என்று உறுதி செய்ய உதட்டை ஒரு புல் நுனியால் மெல்லத் தூக்கி அடிப்பக்கத்தைப் பார்க்க வேண்டும். அங்கே திராட்சை ரசச் சிவப்பு. மேலே அவ்வளவு நீலத்தை வைத்த செடி, யாரும் பார்க்காத அடியில் இந்தச் சிவப்பை ஒளித்து வைத்திருக்கிறது. ஜாக்கெட்டின் உள்துணிக்குப் பட்டு வைத்துத் தைக்கிற தையல்காரரை நினைத்துக்கொண்டேன்.

இரிகலரின் கூட்டத்தில் மயிரின் சாய்வே வேறு. வந்து உட்காரும் ஆண் தேனீ அந்தச் சாய்வைத் தொட்டுணர்ந்து தலையைக் கீழே வைத்து, வாலைத் தூண் பக்கம் வைத்துக்கொள்கிறது. மகரந்தம் அதன் வயிற்று நுனியில் ஒட்டுகிறது. கோட்ஷியியிலும் மம்மோசாவிலும் தலை தூண் பக்கம். மகரந்தம் தலையில் ஒட்டும். மயிர் எந்தப் பக்கம் படுத்திருக்கிறது என்ற ஒரு சின்ன வேறுபாட்டால், ஒரே சரிவில் பூத்த இரண்டு பூக்களின் மகரந்தமும் பூச்சியின் உடலில் இரண்டு வேறு இடங்களுக்குப் போய்விடுகிறது.

பூச்சியின் பேச்சு வந்துவிட்டது. அதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும்.

தேனே இல்லாத பூவுக்கு வண்டு ஏன் வருகிறது என்று டார்வினுக்கே பிடிபடவில்லை. ஆர்க்கிட் மகரந்தச் சேர்க்கை பற்றி 1862இல் அவர் வெளியிட்ட நூலில் தேனீ ஆர்க்கிட்டான ஓஃப்ரிஸ் அபிஃபெராவைப் பற்றி நிறைய இருக்கிறது. இங்கிலாந்தில் அது தன் மகரந்தத்தைத் தானே தன்மேல் விழவிட்டுக்கொள்வதை அவர் சரியாகவே பார்த்தார். தேனீ ஒன்று அந்தப் பூவைத் தாக்குவதை ஒருவர் அடிக்கடி கண்டார் என்ற பழைய குறிப்பும் அவர் கைக்கு எட்டியது. இதற்கு என்ன பொருள் என்று ஊகிக்க முடியவில்லை என்று எழுதிவிட்டு நகர்ந்துவிட்டார். விடை கண்முன்னே இருந்தது. கேட்கிற காலம் வரவில்லை.

விடையைச் சொன்னவர் ஒரு நீதிபதி. அல்ஜீரியாவில் வேலை பார்த்த மொரீஸ் அலெக்சாந்தர் பூயான். ஓஃப்ரிஸ் ஸ்பெகுலம் என்ற கண்ணாடி ஆர்க்கிட்டை அவர் ஆண்டுக்கணக்கில் பார்த்துக்கொண்டே இருந்தார். உதட்டின் நடுவில் பளபளக்கும் நீலம், சுற்றிலும் செம்பழுப்பு மயிர் விளிம்பு. அந்தப் பூக்களைக் கொத்தாகக் கையில் பிடித்துக்கொண்டு வெயிலில் உட்கார்ந்தால் ஒரு வகைக் குளவிகள் கைக்கே வந்து இறங்கின. வந்தவை எல்லாமே ஆண். அவை தேன் குடிக்கவில்லை. உதட்டோடு புணர முயன்றன. 1916இல் ஸ்விட்சர்லாந்தின் ஆன்ரி கொரவோனோடு சேர்ந்து இதை வெளியிட்டபோது பலர் நம்பவில்லை. வழக்கை ஆற அமர விசாரித்துப் பழகியவர் கண்ணுக்குத்தான் இது அகப்பட்டிருக்கிறது என்பதில் எனக்கு ஒரு தனி மகிழ்ச்சி.

தும்பி, சுரும்பு, ஞிமிறு என்று வண்டுக்கு அடுக்கடுக்காகப் பெயர் வைத்த மொழி நம்முடையது. நம் கவிதையில் பூ தலைவி, வண்டு தலைவன். பூ காத்திருக்கும்; வண்டு தேன் உண்டு போகும். இந்தத் தீவுச் சரிவில் அந்த உவமையை மாற்றி எழுத வேண்டியிருக்கிறது. இங்கே பூ, பெண் வண்டாகவே வேஷம் கட்டிக்கொண்டு நிற்கிறது. வருகிற தலைவனுக்குத் தேனும் இல்லை, தலைவியும் இல்லை.

ஓஃப்ரிஸ் கோட்ஷியியிடம் ஏமாறுவது மெலெக்டா என்ற பேரினத்துத் தேனீ. கறுத்த உடல், அதில் ஆங்காங்கே வெள்ளை மயிர்த் திட்டுகள். இதைக் கேட்டவுடன் பூவின் உதட்டை மறுபடி பாருங்கள். அந்தக் கறுப்பும் வெள்ளைக் கோடும் ஒரு பார்வையில் இடம் மாறி உட்கார்ந்துவிடும். மெலெக்டா கூடு கட்டுவதில்லை, மகரந்தம் சேர்ப்பதில்லை. ஆந்தோஃபோரா என்ற இன்னொரு தேனீ மண்ணில் குடைந்து, உணவு சேர்த்து வைத்த அறைக்குள் புகுந்து முட்டையிட்டுவிட்டு வந்துவிடும். காக்கைக் கூட்டில் குயில் செய்வதுதான். நம் ஊர்த் தோட்டங்களிலும் இதன் உறவுக்காரத் தேனீ உண்டு: கறுப்பு உடலில் வெளிர்நீலத் திட்டுகள் தெளித்தது போல இருக்கும், நீலக்கோட்டுத் தேனீயின் வளையைச் சுற்றி வட்டமடிக்கும்.

ஊரை ஏமாற்றும் தேனீயை ஒரு பூ ஏமாற்றுகிறது. எத்தனுக்கு எத்தன் என்று சொல்லிச் சிரிக்கலாம். ஆனால் கணக்கு அவ்வளவு நேர்த்தியாக இல்லை. அடுத்தவர் கூட்டில் முட்டையிட்டு ஏமாற்றுவது பெண். பூவிடம் ஏமாறுவது ஆண், அதுவும் வசந்தத்தில் பெண்களுக்கு முன்பே வெளியே வந்து துணை தேடி அலைகிற ஆண்.

கண்ணால் ஏமாறுகிறதா, மூக்கால் ஏமாறுகிறதா? ஸ்வீடனைச் சேர்ந்த பெர்டில் குல்லன்பெர்க் 1961இல் வெளியிட்ட ஆய்விலிருந்து வாசனையின் பங்கு மெல்ல மெல்லத் துலங்கியது. 1999இல் வந்த ஓர் ஆய்வு இன்னும் துல்லியமாகச் சொன்னது. ஓஃப்ரிஸ் ஸ்ஃபெகோடெஸ் என்ற இனத்தின் உதட்டிலிருந்து வரும் மணத்தில், அதனிடம் ஏமாறும் தேனீ இனத்துப் பெண்ணின் உடல்மேல் பூசியிருக்கும் மெழுகில் உள்ள அதே ஹைட்ரோகார்பன்கள், கிட்டத்தட்ட அதே விகிதத்தில் இருக்கின்றன. எந்தச் செடியின் இலைமேலும் வெயிலுக்குக் காப்பாக இருக்கும் சாதாரண மெழுகு வகைதான் அது. பூ அதன் அளவுகளைக் கொஞ்சம் கூட்டிக் குறைத்துக் காதல் கடிதமாக்கிவிட்டது.

நமக்கு அந்த மணம் எட்டாது. மூக்கைப் பூவோடு வைத்தாலும் ஒன்றும் இல்லை. ஆக, உதட்டையும் மயிரையும் கோட்டையும் அளந்துகொண்டிருக்கும் நாம் கடிதத்தின் உறையை மட்டும் படித்துக்கொண்டிருக்கிறோம். விலாசம் வேறொருவருக்கு.

உறையிலும் விஷயம் இல்லாமல் இல்லை. கிரீட் தீவில் ஓஃப்ரிஸ் ஹெல்ட்ரைக்கியை வைத்து நடந்து, 2015இல் வெளியான ஆய்வு ஒன்று எனக்கு மிகவும் பிடித்தது. அந்தப் பூவின் உதட்டிலும் அடர்ந்த நிறத்தின் மேல் வெளிறிய, சிக்கலான கோலம். ஒரே செடியின் பூக்களில் கோலம் ஏறக்குறைய ஒரே மாதிரி. செடிக்குச் செடி வேறு. ஒரு தெருவில் வீட்டுக்கு வீடு கோலம் மாறுவது போல, ஆனால் ஒரு வீட்டு வாசலில் தினமும் ஒரே கை. நீண்ட உணர்கொம்புள்ள ஆண் தேனீ வேகமாக வந்து நேரே உதட்டில் இறங்குகிறது. அப்போது அது கோலத்தை ஆராய்வதாகத் தெரியவில்லை. புணர முயன்று, ஏமாந்து, எழுந்த பிறகு பூவின் எதிரே காற்றில் நின்றபடி உதட்டை உற்றுப் பார்க்கிறது. சில சமயம் ஒரு நிமிடம் வரை.

ஒரு நிமிடம்! தேனீயின் வாழ்க்கையில் அது எவ்வளவு நீளம்.

அந்தக் கோலங்களைத் தேனீக் கண்ணால் பிரித்தறிய முடியுமா என்று கூட்டுத் தேனீக்களைப் பழக்கிப் பார்த்தார்கள். வெவ்வேறு செடிகளின் கோலங்களை அவை பிரித்தறிந்தன. ஒரே செடியின் இரண்டு பூக்களை அவற்றால் பிரிக்க முடியவில்லை. இதிலிருந்து ஆய்வாளர்கள் ஊகிப்பது: ஏமாந்த ஆண், அந்தக் கோலத்தை மனத்தில் வைத்துக்கொண்டு அந்தச் செடியின் மற்றப் பூக்களை விட்டுவிடும், வேறு கோலமுள்ள இன்னொரு செடியில் போய் மறுபடி இறங்கும். அப்போது தலையில் ஒட்டிய மகரந்தம் தன் செடிக்கே திரும்பாமல் அயல் செடிக்குப் போய்ச் சேரும். ஏமாந்தவருக்கு வரும் எச்சரிக்கையையும் செடி தன் வேலைக்கு வைத்துக்கொள்கிறது.

ஓஃப்ரிஸை அடையாளம் காண முயல்கிறவர்கள் எல்லோரும் புலம்புகிற ஒரு விஷயம் உண்டு: எந்த இரண்டு செடியும் ஒன்றுபோல இல்லை. களக் கையேட்டில் உள்ள படம் ஒன்று, கண்முன் உள்ள பூ ஒன்று. கோட்ஷியியின் வெள்ளைக் கோடு ஒரு செடியில் மூடிய வளையம். பத்தடி தள்ளி இன்னொன்றில் பாதியில் அறுந்த கிளை. கோலத்தின் வடிவத்தை நம்பினால் கையேடு கைவிட்டுவிடும். அதனால்தான் தேர்ந்தவர்கள் கோலத்தைக் கடைசியில் பார்க்கிறார்கள். முதலில் மடல் பிரிந்திருக்கிறதா, தோள் சரிந்திருக்கிறதா, மயிர் எங்கே அடர்த்தி, மேல் புல்லிதழ் எந்தப் பக்கம் வளைகிறது என்று பார்க்கிறார்கள். நமக்குத் தொல்லையாக இருக்கும் இந்த நிலையின்மை ஹெல்ட்ரைக்கியில் பூவின் வேலையாகவே இருக்கலாம் என்று தெரிந்த பிறகு, எனக்குக் கையேட்டின் மேல் இருந்த கோபம் போய்விட்டது. எளிதில் மனப்பாடமாகிற பூ என்றால் தேனீக்கும் மனப்பாடமாகிவிடுமே.

இதே நிலையின்மை அறிஞர்களையும் பாடாய்ப் படுத்தியிருக்கிறது. லின்னேயஸ் 1753இல், பூச்சி உருவம் காட்டும் ஓஃப்ரிஸ்கள் பலவற்றைப் ‘பூச்சி சுமப்பது’ என்று பொருள்படும் ஒரே இனத்துக்குள் வகைகளாக அடக்கிவிட்டார். 2005இல் பியேர் தெல்ஃபோர்ஜ் இனங்களின் எண்ணிக்கையை 250க்கு மேல் கொண்டுபோனார். இரண்டே ஆண்டில், 2007இல், பெடர்சனும் ஃபௌர்ஹோல்ட்டும் அதை 19 ஆக்கினார்கள். மரபணுக்களைப் படித்தவர்களில் சிலர் 9 என்கிறார்கள். பூ அதேதான். எண்ணுகிறவர்தான் மாறினார். வேறு தேனீ வந்தால் வேறு இனம் என்பது ஒரு கட்சி. மரபணு கலந்துகொண்டே இருக்கும்போது தனி இனம் ஏது என்பது மறு கட்சி. பெரும்பாலான ஓஃப்ரிஸ்களுக்குக் குரோமோசோம் எண்ணிக்கை ஒன்றே, 36. தேனீ வழி தவறி வந்துவிட்டால் கலப்பினம் பிறக்கத் தடையில்லை. கிரீட்டின் கிரெட்டிகா உருவத்தில் கோட்ஷியிக்கு மிக நெருக்கம். அதைக் கோட்ஷியியின் கிளையினமாகவே வைத்தவர்களும் உண்டு. நான் எந்தக் கட்சி என்று கேட்டால், 250ஐ நம்ப மனம் வரவில்லை. ஆனால் அந்த 250க்கும் ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்து, மயிரின் சாய்வு வரை எழுதி வைத்தவர்களின் கண்ணை வணங்காமல் இருக்கவும் முடியவில்லை. சின்னதைப் பார்க்கக் கற்றுக்கொடுத்தவர்கள் அவர்கள்தான்.

ஒரு விஷயத்தில் மட்டும் எல்லாக் கட்சிக்கும் ஒரே சொல்: பறிக்காதே, தோண்டாதே. மண்ணுக்குள் இந்தச் செடிக்கு இரண்டு கிழங்கு. ஒன்று இந்த ஆண்டுப் பூவுக்கு உணவு கொடுத்துச் சுருங்கிக்கொண்டிருக்கிறது. மற்றது அடுத்த ஆண்டுக்காகப் பருத்துக்கொண்டிருக்கிறது. ஆர்க்கிட் என்ற பெயரே இந்த இரட்டைக் கிழங்கைப் பார்த்து, விதைப்பை என்ற பொருளில் கிரேக்கர்கள் வைத்தது. கிழக்கு மத்தியதரைக் கடல் நாடுகளில் இப்படிப்பட்ட ஆர்க்கிட் கிழங்குகளை வேகவைத்து உலர்த்தி அரைத்துச் சலேப் என்று சூடாகக் குடிப்பார்கள். துருக்கியில் ஐஸ்கிரீமை இழுபட வைப்பதும் அந்த மாவுதான். ஒரு கிலோ மாவுக்கு ஆயிரத்துக்கு மேல் கிழங்கு வேண்டும். நம் நாட்டு மருந்துக் கடையில் சாலாமிசிரி என்று கேட்டால் எடுத்துத் தருகிறார்களே, அந்தப் பெயரின் முன்பாதி இதே சொல்தான். பின்பாதிக்கு எகிப்துக்குரியது என்று பொருள். லேகியத்தில் போகிற அந்தக் கிழங்கை உலர்ந்த கட்டியாகத்தான் நாம் பார்த்திருக்கிறோம். அதன் தலையில் என்ன பூத்திருக்கும் என்று யாரும் கேட்டதில்லை.

சரி, சரிவுக்குத் திரும்புவோம். குப்புறப் படுத்திருப்பதால் முழங்கையில் கல் குத்தும். மடல் பிரிந்திருக்கிறது, தோள் சரிந்திருக்கிறது, மயிர் அங்கே அடர்த்தி. மேல் புல்லிதழ் முக்காடு போடவில்லை. பக்கப் புல்லிதழ்கள் பாதி பாதியாகச் சாயம் தோயவில்லை. உதட்டின் அடியில் சிவப்பு இல்லை. கண்ணாடியைச் சுற்றி வெள்ளைக் கோடு. கோட்ஷியி என்று குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளலாம்.

எழுதிவிட்டு லென்ஸை உதட்டிலிருந்து கொஞ்சம் மேலே தூக்கினால் தூணின் தலை தெரியும். அங்கே அக்கம்பக்கமாக இரண்டு சின்ன அறைகள். ஒவ்வொன்றிலும் மஞ்சள் மகரந்தத் திரள் ஒன்று, மெல்லிய காம்பின் மேல். காம்பின் அடியில் பசை. தேனீயின் தலை முட்டினால் காம்போடு பெயர்ந்து ஒட்டிக்கொண்டு போகும். தூணின் முன்பக்கம், அறைகளுக்குக் கீழே, பளபளவென்று ஈரமாக ஒரு குழி. வேறு செடியின் மகரந்தம் வந்து சேர வேண்டிய இடம் அது.

ஸ்ஃபெகோடெஸில் கண்ட இன்னொன்றும் இங்கே நினைவுக்கு வருகிறது. மகரந்தம் சேர்ந்தவுடன் அந்தப் பூ தன் மணத்தை மாற்றிக்கொள்கிறது. கூடி முடித்த பெண் தேனீ, இனி வேண்டாம் என்று ஆண்களை விலக்க வெளியிடும் அதே பொருளைப் பூவும் வெளியிடுகிறது. வெளியே ஒரு மாற்றமும் தெரியாது. கறுப்பு அதே கறுப்பு. கோலம் அதே கோலம்.

தண்டின் அடிப்பூவில் லென்ஸை நிறுத்திப் பார்த்தால், இரண்டு அறைகளில் ஒன்று காலி. மற்றதில் மஞ்சள் திரள் அப்படியே இருக்கிறது. குழியின் ஈரத்தில் மஞ்சளாகக் கொஞ்சம் தூள் அப்பியிருக்கிறது, வேறு ஏதோ செடியிலிருந்து. நமக்கு முன்னால், எந்தக் காலையிலோ, ஒரு கறுத்த தேனீ இங்கே வந்து போயிருக்கிறது.